ஐம்பதும் நாற்பத்தைந்தும்

சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமில்லை. முழ நீளத்தில் இரண்டு எஃகுக் குழாய்த் துண்டுகள் குரோம் பூச்சு மின்ன நடுவில் கிடந்தன. ஒன்றின் விட்டம் ஐம்பது மில்லிமீட்டர், மற்றது நாற்பத்தைந்து. தள்ளி வைத்துப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. பட்டறையிலிருந்து அவற்றைக் கொண்டுவந்து போட்ட கணவர், "ரெண்டு பேரும் பிடிச்சுப் பாத்துச் சொல்லுங்க, எது வேணுமோ அதுல ஆறு கம்பம் வெட்டித் தர்றேன்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். போனவர் அன்றைக்கு வழக்கத்தைவிட நெடுநேரம் குளித்தார். மனைவியும் தங்கையும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வரவேண்டும் என்றால் எந்த மனிதனுக்கும் உடம்பில் அழுக்கு கூடத்தான் செய்யும்.

அண்ணி முதலில் ஐம்பதை எடுத்தாள். வலது கையால் சுற்றிப் பிடித்தாள். நடுவிரல் நுனிக்கும் கட்டைவிரல் நுனிக்கும் நடுவே ஒரு விரல் புகும் இடம் இருந்தது. எவ்வளவு இறுக்கினாலும் அந்த இடைவெளி மூடவில்லை. நாற்பத்தைந்தை எடுத்தாள். இரண்டு நுனிகளும் வந்து தொட்டுக்கொண்டன. பிடித்த பிடியில் உடம்பு முழுக்க ஒரு நிம்மதி பரவியது, அதை எதிரில் இருப்பவள் பார்த்துவிடக் கூடாதென்று உடனே கீழே வைத்தாள்.

எதிரில் இருந்தவள் நாத்தனார். நெட்டை என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். கதவு நிலையில் தலை இடிக்காமல் அவள் நுழைந்த வீடு கிடையாது. அவள் நாற்பத்தைந்தை எடுத்துப் பிடித்தாள். நடுவிரல் கட்டைவிரலைத் தாண்டிப் போய் உள்ளங்கையில் நகம் பதித்தது. கையை விரித்துக் காட்டினாள்.

"பாத்தீங்களா அண்ணி, என் நகமே என்னைக் குத்துது. இது என்ன, துணி காயப்போடுற கம்பியா?"

"நகத்தை வெட்டு."

"கையையே வெட்டச் சொல்லுங்க. உங்க மனசுல இருக்கறது அதுதானே."

இரண்டு பேருக்கும் ஆரம்பத்திலிருந்தே ஏழாம் பொருத்தம் என்று சொல்லிவிட முடியாது. ஒரு காலத்தில் நன்றாகத்தான் இருந்தார்கள். மெத்தைக் கடைக்குப் பின்னால் ஓர் அறை எடுத்து, நாற்பத்தைந்தில் ஒற்றைக் கம்பத்தை நட்டு, அதில் ஏறிச் சுழன்றாடும் 'போல் டான்ஸ்' வகுப்பை ஆரம்பித்தவள் அண்ணி. தெருவே வாயில் கைவைத்தது. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு பெண்கள் என்ன செய்கிறார்கள் என்று மெத்தை வாங்க வந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். எட்டிப் பார்த்தவர்களிலேயே சிலர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து சேர்ந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் நெட்டை கல்யாண வாழ்க்கையை உதறிவிட்டுப் பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்து, சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கம்பத்தில் ஏற்றிவிட்டவளும் அண்ணிதான். தலைகீழாகத் தொங்கக் கற்றுக்கொண்ட அன்று நெட்டை அழுத அழுகையை அண்ணி யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்லித் தொலைக்கலாமா என்று சில நாள் நாக்கு துறுதுறுக்கிறது.

ஏனென்றால் இப்போது பாதிப் பெண்கள் நெட்டையின் நேரத்தைக் கேட்டு வாங்குகிறார்கள். நெட்டை சுழன்றால் அறையே வாயடைத்துப் போகிறது. வகுப்பை ஆரம்பித்தவள் அங்கே எல்லோருக்கும் அண்ணிதான், நாத்தனார் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஒட்டிக்கொண்ட பெயர். ஆனால் அந்தப் பெயரில் முன்பு இருந்த பயம் போய், சாவிக்கொத்து வைத்திருக்கிறவளுக்கு உண்டான மரியாதை மட்டும் மிஞ்சியிருப்பதாக அவளுக்குத் தோன்றியது. போதாக்குறைக்கு வலது கட்டைவிரல். போன வருடத்திலிருந்து அதன் அடிமூட்டு தேய்ந்துகொண்டிருந்தது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, "கம்பத்துல தொங்குறத விட்டுடுங்க" என்றார். அவள் டாக்டரை விட்டுவிட்டாள். நாற்பத்தைந்தில் விரல்கள் ஒன்றையொன்று தாங்கிக்கொள்வதால் கட்டைவிரலின் நோவை மறைக்கலாம். ஐம்பதில் மறைக்க முடியாது. மெத்தைக் கடைக்காரர் கடையை மூடிவிட்டதால் முன்பக்கப் பெரிய கூடம் முழுவதும் இப்போது அவர்கள் கைக்கு வந்திருந்தது. ஆறு கம்பங்களும் ஐம்பதாக நின்றால் அந்தக் கூடத்தில் அவள் இனி ஏறிக் காட்ட முடியாது, ஓரமாக நின்று வாயால்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். வாயால் சொல்லிக்கொடுக்கிறவளை எத்தனை நாளைக்கு வைத்துக்கொள்வார்கள்? நெட்டைக்கு இது தெரியும், தெரிந்துதான் ஐம்பது கேட்கிறாள் என்பதில் அண்ணிக்குச் சந்தேகமே இல்லை.

கணவர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மூணு இது, மூணு அது போட்டுட்டா என்ன?"

"முடியாது" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். அந்த வாரத்தில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். பெண்கள் கம்பம் மாற்றி மாற்றி ஏறுகிறவர்கள். ஒரு தடிமனுக்குப் பழகிய கை அடுத்ததில் ஏமாந்துவிடும் என்பது வெளியில் சொன்ன காரணம். மூன்றும் மூன்றுமாகப் பிரித்தால் கூடத்தின் நடுவே கோடு கிழித்து இரண்டு குடித்தனம் நடத்த வேண்டியிருக்கும், எந்தப் பக்கம் கூட்டம் சேரும் என்பது வெட்டவெளிச்சமாகிவிடும் என்பது அண்ணியின் உள்காரணம். நெட்டையின் உள்காரணம் என்னவென்று அவள் யோசிக்கவில்லை.

"அப்ப நான் வாயைத் திறக்கல. ஒவ்வொண்ணுல ஒண்ணு நட்டுத் தர்றேன். ஞாயித்துக்கிழமை வர்ற பொண்ணுங்க ஏறிப் பாக்கட்டும். கை தூக்கச் சொல்லுங்க. எதுக்கு அதிகமோ அதுதான்" என்றார் கணவர். பிறகு குழாய்த் துண்டுகளை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தட்டைப் போட்டுக்கொண்டார். அன்று வீட்டில் பசித்த ஒரே ஆள் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணி எல்லோருக்கும் முன்னால் போய் ஷட்டரைத் தூக்கினாள். தூக்கும்போதே கட்டைவிரல் சுள்ளென்றது. வீட்டில் கிளம்பும் முன் அழுத்தித் தைலம் தேய்த்திருந்தும் கேட்கவில்லை. புதுக் கூடத்தில் பழைய மெத்தைகளின் பஞ்சு வாடை இன்னும் இருந்தது. தரைக்கும் கூரைக்கும் நடுவே இரண்டு கம்பங்கள் நின்றன. தெரியாத ஆளுக்கு இரட்டைப் பிள்ளைகள். அவளுக்கு ஒன்று சொந்தம், ஒன்று சக்களத்தி.

கம்பம் குளிர்ந்திருந்தால் தோல் ஒட்டாது. இது அந்தத் தொழிலில் அரிச்சுவடி. அதனால்தான் ஏறுவதற்கு முன் பெண்கள் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பார்கள், தொடையாலும் கையாலும் தேய்த்துச் சூடேற்றுவார்கள். அண்ணி ஏசியைப் போட்டு அதன் வாயைத் தடித்த கம்பத்தின் பக்கம் திருப்பினாள். பிறகு மெல்லிய கம்பத்தைக் கட்டிக்கொண்டாள். இரண்டு கைகளாலும் மேலும் கீழும் உருவினாள். ஒரு பெண்ணையும் விழவைக்கப் போவதில்லை, ஒன்றில் வழுக்கும், ஒன்றில் ஒட்டும், அவ்வளவுதான், கை எதற்குத் தூக்க வேண்டுமென்று அவர்களே தெரிந்துகொள்வார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கம்பம் கதகதவென்று ஆகும்வரை விடவில்லை. கேவலமாகத்தான் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று இன்னும் கொஞ்சம் தேய்த்தாள்.

பெண்கள் வந்து சேர்ந்தார்கள். குட்டைக் கால்சட்டையோடு, கம்பங்களுக்கு அடியில் விரித்திருந்த மெத்தையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கணவர் ஏணியில் நின்று கூரைப்பக்கத்து நட்டுகளைச் சரிபார்ப்பதாகப் பேர் பண்ணிக்கொண்டிருந்தார். முதலில் பேருந்து ஓட்டும் அக்கா தடித்த கம்பத்தில் ஏறினாள். பெரிய கை. ஏறின வேகத்தில் சர்ரென்று கீழே வந்தாள்.

"ஐயய்யோ, ஐஸ்கட்டி மாதிரி இருக்கு. எவன் ஏறுவான் இதுல" என்று தொடையைத் தேய்த்துக்கொண்டாள்.

அண்ணி முகத்தில் எதையும் காட்டவில்லை. அடுத்துப் பல் டாக்டர். சின்னக் கை, அண்ணியின் கட்சிக்காரி. மெல்லிய கம்பத்தைப் பிடித்து ஓர் எம்பு எம்பினாள், இரண்டாவது பிடி பிடித்தாள், பிடித்த கை அப்படியே வழிந்தது. பொத்தென்று மெத்தையில் உட்கார்ந்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே உள்ளங்கையைப் பார்த்தாள்.

"என்னமோ பிசுபிசுன்னு இருக்கே அண்ணி."

அண்ணிக்கு அப்போதுதான் உறைத்தது. தைலம். வகுப்பு நாளில் கையில் கிரீம், எண்ணெய், தைலம் எதுவும் தொடக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டாத குறையாக ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவள், தைலக் கையோடு தன் கம்பத்தைத் தானே மெழுகி வைத்திருக்கிறாள். அவள் எழுவதற்குள் நெட்டை எழுந்துவிட்டாள். ஸ்பிரிட் நனைத்த துணியால் மெல்லிய கம்பத்தை மேலிருந்து கீழ்வரை நிதானமாகத் துடைத்தாள். துணியை மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு தடித்த கம்பத்தில் கைவைத்துப் பார்த்தாள். ஏசியின் வாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"டீ குடிச்சிட்டு வாங்க எல்லாரும்" என்றாள் பெண்களிடம். அண்ணியிடம், "நீங்க கொஞ்சம் வாங்க" என்றாள்.

பின்னறையில் பழைய ஒற்றைக் கம்பம் இன்னும் நின்றுகொண்டிருந்தது. நெட்டை கதவைச் சாத்தினாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அண்ணிக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"வெக்கமா இல்ல?"

"உனக்கு இருக்கா? ஏத்திவிட்ட ஏணியையே எட்டி உதைக்கிற."

"ஏத்திவிட்டீங்க. இல்லேங்கல. அதுக்காக ஆயுசுக்கும் உங்க கை அளவுலதான் நான் தொங்கணுமா? இந்தக் கம்பியில சுத்துனா எனக்குக் கை விட்டுப்போகுது அண்ணி. நீங்க பாத்திருக்கீங்க. பாத்துட்டும் பாக்காத மாதிரி இருக்கீங்க."

அது உண்மை. இரண்டு தடவை பார்த்திருக்கிறாள். உண்மையாக இருந்ததால் கோபம் இன்னும் மூக்குக்கு மேல் ஏறியது.

"என் கையில வலின்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சுதானே அம்பது கேக்குற?"

"தெரியும். வீட்டுல பாட்டில் மூடியெல்லாம் யாரு லூசாக்கி வெக்கறதுன்னு நெனச்சீங்க? அண்ணனா?"

சில மாதங்களாக மூடிகள் எல்லாம் தொட்டவுடன் கழன்றுவந்தன. யாரோ ஒழுங்காக மூடுவதில்லை என்று அண்ணிதான் தினமும் கரித்துக்கொட்டிக்கொண்டிருந்தாள்.

"பாசம்னு நெனச்சுக்காதீங்க" என்றாள் நெட்டை. "உடஞ்ச பாட்டிலைப் பொறுக்கறது என் வேலையா போயிடும், அதான். தெரியும் எனக்கு. தெரிஞ்சும்தான் அம்பது கேக்கறேன். உங்களுக்கு வலிக்குதுங்கறதுக்காக நான் என் கையைச் சுருக்கிக்க முடியாது. நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன். 'எனக்கு முடியல, நீ பாத்துக்கோ'ன்னு ஒரு வார்த்தை. உங்க வாயிலேர்ந்து அது வராது. அதுக்குப் பதிலா திருட்டுத்தனமா ஏசியத் திருப்புறீங்க."

"வராது. எந்தக் காலத்துலயும் வராது" என்றாள் அண்ணி. "இது என் இடம்."

"அப்ப ஒண்ணு பண்ணுங்க." நெட்டை ஸ்பிரிட் பாட்டிலை அவள் கையில் வைத்தாள். "கையைத் துடைச்சுட்டு வாங்க. அம்பதுல ஏறி, ஒரு தொங்கு தொங்கிட்டு, நல்லபடியா இறங்கிடுங்க. எல்லாரும் பாக்கட்டும். அப்புறம் நானே நாப்பத்தஞ்சுக்குக் கை தூக்கறேன். இந்தத் தைலக் கதை நம்ம ரெண்டு பேரோட போயிடும். ஏற மாட்டேன்னா சொல்லிடுங்க, சாவியை நான் வாங்கிக்கறேன்."

பாட்டிலின் மூடி தளர்ந்தே இருந்தது. அண்ணி அதைத் திறந்து கையைத் துடைத்தாள். இவள் முகத்தில் அப்படியே ஊற்றினால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது உண்மை.

அவள் கூடத்துக்கு வந்தபோது நெட்டை தடித்த கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லோர் எதிரிலும் கன்னத்தை அதில் வைத்து, கண்களை அண்ணி மீது வைத்து, கம்பம் சூடாகும்வரை நின்றாள். பிறகு விலகி வழிவிட்டாள். இப்போது அந்தக் கம்பத்தில் இருந்த சூடு நெட்டையின் உடம்புச் சூடு. அதைத்தான் பிடித்து ஏற வேண்டும். அண்ணிக்கு அருவருப்பாகவும் இருந்தது, உதவியாகவும் இருந்தது. எது அதிகம் என்று பார்க்க நேரமில்லை.

ஏறுவது கால்களின் வேலை. கணைக்காலும் முழங்காலும் கவ்விக்கொண்டால் கை சும்மா கூட இருக்கலாம். பழகிய உடம்பு மடமடவென்று ஏறியது. கீழே யாரோ விசிலடித்தார்கள். உச்சிக்குச் சற்றுக் கீழே வந்ததும் உள்ளங்கையை நம்பாமல் முழங்கை மடிப்பில் கம்பத்தை இடுக்கிக்கொண்டு உடம்பைப் புரட்டினாள். இந்தத் தந்திரத்தை அவள் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. வலது காலை வீசி மடித்தாள். முழங்காலின் பின்பக்கம் கம்பத்தைக் கவ்வியது. கைகளை விட்டாள்.

கவ்வியது என்றால் அப்படியொரு கவ்வல். நாற்பத்தைந்தில் இத்தனை வருடம் தொங்கியிருக்கிறாள், எலும்பில் கம்பி அறுக்கும், பல்லைக் கடித்துக்கொள்வாள். ஐம்பது அந்தக் குழியை நிரப்பிக்கொண்டு கச்சிதமாக உட்கார்ந்தது. வலியே இல்லை. இத்தனை நாள் தன் கைக்கு மட்டும் பார்த்துப் பார்த்துக் காலை வதைத்திருக்கிறோம் என்று தெரிந்ததும் சந்தோஷமும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. நெட்டை சொன்ன கம்பம் நல்ல கம்பமாக இருக்கிறதே என்பதைவிடப் பெரிய எரிச்சல் அந்தக் கூடத்தில் வேறு இல்லை. தலைகீழாகத் தெரிந்த பெண்கள் கைதட்டினார்கள். ஏணியில் நின்ற கணவர் ஸ்பேனரை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவரும் தட்டினார்.

இனி இறங்க வேண்டும். வயிற்றை மடக்கி எழும்பிக் கம்பத்தைப் பிடிக்க வேண்டும். எழும்பினாள். வலது கை கம்பத்தைச் சுற்றியது. கட்டைவிரல் மூட்டில் நெருப்பு வைத்தது போல இருந்தது, விரல்கள் தாமாகவே விட்டன. மறுபடி தொங்கினாள். இடது கையால் முயன்றாள். அந்தச் சின்னக் கை ஐம்பதைப் பாதி சுற்றி வழுக்கியது. கை தரைக்கு எட்டாத உயரம். மூன்றாவது முறை எழும்ப வயிற்றில் வலு இல்லை. இரண்டு கைகளையும் அகல விரித்து, அழகுக்காக நிற்பதுபோல் தொங்கினாள். பெண்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

நெட்டை தட்டவில்லை. எழுந்து வந்து அவளுக்கு நேர் கீழே நின்றாள். அவள் அவ்வளவு உயரமாக இருந்தும் அண்ணியின் தலை அவள் தலைக்குச் சற்று மேலே இருந்தது. மேலே தொங்குகிறவள் 'பிடி' என்று வாய்விட்டுச் சொல்லாமல் கீழே நிற்கிறவள் தொடக் கூடாது என்பது அந்த வகுப்பின் சட்டம். கேட்காமல் தொட்டால் உடம்பு பதறிப் பிடியை விட்டுவிடும் என்று சட்டம் போட்டவள் அண்ணி.

"சொல்லுங்க" என்றாள் நெட்டை, அவளுக்கு மட்டும் கேட்கும் குரலில்.

"போடி."

"வேர்க்குது உங்களுக்கு. கால் இறங்குது."

"எனக்குத் தெரியும்."

"ஒரு வார்த்தை அண்ணி. பிடின்னு சொல்லுங்க. சத்தியமா வேற எதுவும் கேக்க மாட்டேன்."

அண்ணி உதடுகளை இறுக்கிக்கொண்டாள். ரத்தம் முகத்தில் இறங்கி அடித்தது. முழங்காலுக்குப் பின்னால் ஈரம் ஊறுவதும், தோல் நூல் நூலாக நகர்வதும் தெரிந்தது. கைதட்டல் ஓய்ந்துவிட்டது. பல் டாக்டர் மெல்ல எழுந்து நின்றாள். ஏணியின் மேலிருந்து கணவர், "என்னம்மா, இறங்கலையா?" என்றார்.

நெட்டை இரண்டு கைகளையும் தூக்கி, அந்தத் தலைக்கு ஒரு சாண் கீழே ஏந்திக்கொண்டு நின்றாள். தொடவில்லை. கொண்டை ஊசி கழன்று மெத்தையில் விழுந்தது. பின்னாலேயே அண்ணியின் முடி மொத்தமும் அவிழ்ந்து அந்த உள்ளங்கைகளில் சரிந்து நிறைந்தது. நெட்டை விரல்களை மடக்கவில்லை.